உள்ளே கொண்டுவரச் சொன்னது யார்

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நோவெண்ணெய் மணம் என் கையை விட்டுப் போகவில்லை. வெயில் தணிந்து, கடற்காற்று பனைகளுக்குள்ளால் மெல்ல வருகிறது. இதே மணத்தோடு ஞாயிறு பூசையில் எனக்குப் பக்கத்தில் நீ முழந்தாளிட்டிருந்தது இப்போது நடப்பது போல இருக்கிறது. நீ போனபின் ஒரு மாரியும் பெய்து ஓய்ந்துவிட்டது.

உன்னையும் கைக்குழந்தையையும் விட்டுக் கொழும்பில் வேறொருத்தியோடு வாழப் போன உன் கணவர், பல வருஷம் கழித்து, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின்தான் திரும்பினார். அவருடைய தம்பி ஓட்டோவில் கொண்டுவந்து உன் படலையடியில் நிறுத்தினார். அந்த மனுஷி செத்துவிட்டாள், பார்க்க ஆளில்லை என்றார் நிலத்தைப் பார்த்தபடி. உள்ளே விடாதே என்று நான் உன் காதுக்குள் சொன்னேன். நீ கோயிலுக்கு நடந்தாய். நானும் பின்னால் வந்தேன்.

மத்தியானக் கோயில் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது. யன்னல் கண்ணாடியின் நீலம் உன் சேலையில் அசைந்துகொண்டிருந்தது. நீ பீடத்தைப் பார்க்கவில்லை. நித்திரையில் யாரோ கதைப்பதைக் கேட்பவள் போலக் கண்ணை மூடியிருந்தாய். பிறகு எழுந்து வீட்டுக்கு வந்து தம்பியிடம், "உள்ளுக்கை கொண்டு வாங்கோ" என்றாய்.

கஞ்சி காய்ச்சும்போது, ஆண்டவர்தான் உனக்கு அந்த மனதைத் தந்தவர் என்றேன். உனக்குக் கோபம் வந்தது.

"எல்லாம் அவர் தந்ததெண்டால், நான் என்னத்தைச் செய்தனான்?"

உன்னோடு சேர்ந்து மறைக்கல்வி படிப்பித்த என்னிடம் பாடத்திலுள்ள பதில்தான் இருந்தது: அருள் கேளாமலே வரும், ஏற்பதும் மறுப்பதும் மனிதர் கையில். பிள்ளைகளுக்குச் சொல்ல இது லேசு என்று நீ சிரித்தாய்.

மாதங்கள் கழிந்து ஒரு பின்நேரம், கணவரின் விழுந்த கையில் நோவெண்ணெய் பூசிக் கஞ்சி பருக்கியபடி நீயாகவே சொன்னாய்.

"அண்டைக்குக் கோயிலிலையும் கோபம் போகேல்லையடி. ஆனால் அது என்னைக் கட்டி வைச்சிருக்கேல்லை. கட்டை அவிட்டது ஆண்டவர். நடந்தது நான்."

உன் கணவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கியதோ தெரியாது.

அவருக்கு முந்தி நீ போவாய் என்று யார் நினைத்தோம்? நெஞ்சுநோ என்றாய், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. கனடாவிலிருந்து வந்த உன் மகள் அவரை முதியோர் இல்லத்தில் விட ஒழுங்கு செய்தாள். இடம் கிடைக்கும்வரை என் வீட்டில் நான் வைத்திருக்கிறேன், தனியாள்தானே என்றேன். இடம் கிடைத்தபின்னும் நான் அனுப்பவில்லை. ஏன் அன்ரி என்று அவள் போனில் கேட்கிறாள். இரக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கண்ணீரைப் பார்த்தவள் நான். உனக்காக என்று சொன்னாலும் அது முழு உண்மையில்லை.

நேற்றுக் காலை அவர் அறைக்குள்ளிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நீ இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். இந்த முறையும் திருத்தத்தான் வாயெடுத்தேன்.

"வாறன்" என்றுதான் என் வாயில் வந்தது.

அதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கவும் என்னால் முடியும். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.