கே.கே. நகர் யார்?

ஜூலை 8, 2024, திங்கள்

பிரசவ விடுப்பு முடிந்து அடையாறு லேபுக்குத் திரும்பி ஒரு மாதம். இன்று சீரம் பாட்டில் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) தீர்ந்துவிட்டது, புதிது வரப் பத்து நாளாகும். ரத்தம் தரச் சம்மதித்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேனே, கீழே கிளினிக்கில் போய்க் கை நீட்டினேன்.

எங்கள் நானோ துகளுக்குள் மருந்தும் பச்சையாக ஒளிரும் சாயமும். வெளியே ‘பெக்’ என்ற பாலிமர் பூச்சு, நோய் எதிர்ப்பு செல்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க. மூன்று வருடமாகக் கண்டுகொண்டதே இல்லை. இன்று துகளையும் செல்களையும் என் சீரத்தில் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு செல்லின் வயிற்றிலும் பச்சைப் புள்ளிகள். அத்தனையையும் விழுங்கிவிட்டன! உடனே படம் எடுத்தேன். பயமா, சந்தோஷமா?

ஜூலை 9

லேப் தலைவர் அனந்தராமன் சார் படத்தைப் பார்த்தார். “பூச்சு இல்லாத துகளை மாத்தி எடுத்துட்டியாம்மா? குழந்தை ராத்திரி தூங்க விடறாளா?” அன்பாகத்தான் கேட்டார். அதுதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி செய்ய வேண்டுமாம். இதேபோல் வராவிட்டால் செல் வேலை முழுக்க என்னுடன் வேலை பார்க்கும் குல்ஷனுக்கு. எனக்கு கம்ப்யூட்டரில் அட்டவணை.

மாற்றித்தான் எடுத்தேனா? சனிக்கிழமை பாப்பா ஸஹானாவின் பாலை ஃப்ரிட்ஜுக்குப் பதில் துணி அலமாரியில் வைத்தவள்தானே.

ஜூலை 10

இல்லை! மாற்றவில்லை!

படித்துக்கொண்டே இருக்கிறேன். பெக் க்ரீமில் இருக்கிறது, மாத்திரையில் இருக்கிறது. சிலர் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் புரதம் உண்டாம். அது துகளின் மேல் ஒட்டிக்கொண்டால் செல்களிடம் காட்டிக்கொடுத்த மாதிரி. பாட்டில் சீரம் பலருடையதைக் கலந்தது. அதில் ஒருவருடைய புரதம் நீர்த்துப் போயிருக்கும்.

அப்போ என் ரத்தத்தில்... ஐயோ, பால் கொடுக்கிறேனே? என் வீட்டுக்காரன் குருவைப் பிடித்து உலுக்கினேன். “எட்டு மாசமா கொழுகொழுன்னு இருக்கா. நீ மொதல்ல சாப்பிடு” என்றான்.

ஜூலை 12, வெள்ளி

ஐந்து பேர் ரத்தம். எது யாருடையது என்று எனக்கே தெரியக்கூடாது என்றாள் குல்ஷன். பெயருக்குப் பதில் குழாய்களில் பஸ் நிறுத்தங்களை எழுதி, விவரச் சீட்டைக் கவரில் போட்டு ஒட்டினாள். துகளையும் அவளே எடுத்து ஊற்றினாள். ஐந்தாவது ஆளாக சாரும் சட்டைக் கையை மடித்தார். “என்னோடதையும் சேர்த்துக்கோங்க. சாதாரண ரத்தம் எப்படி இருக்கும்னு தெரியணுமில்ல.”

மாலையில் மூவரும் மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி நின்றோம். வடபழனி, மந்தைவெளி, பனகல் பார்க் — ஒன்றுமில்லை, வெறும் இருட்டு. பட்டினப்பாக்கம் பச்சை. கே.கே. நகர் அதைவிடப் பச்சை!

சார் கவரைப் பிரித்தார். பட்டினப்பாக்கம் நான். அப்புறம் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். குல்ஷன் எட்டிப் பார்த்தாள்.

“கே.கே. நகர் நீங்கதான் சார். ராத்திரி சரியா தூங்கலியா?”

சார் முதலில் என்னைப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

ஜூலை 18

புது சீரம் பாட்டில் வந்தது. ஃப்ரீசரில் அடியில் வைக்கச் சொல்லிவிட்டார் சார். இனி தனித்தனியாக இருபது பேர் ரத்தம். வேலைப் பட்டியலில் செல் வேலைக்கு நேரே தன் கையாலேயே என் பெயரை எழுதியிருக்கிறார்.

குல்ஷனுக்கு நிறுத்தங்கள் போதவில்லை. தாம்பரம் வரைக்கும் போய்விட்டாள்.