தோல் சுற்றிய ஒயர்

அப்பா,

இன்று காலை புது பைபர் லைன் இழுக்க வந்தவர், பீரோவை நகர்த்தியதும் பழைய டெலிபோன் ஒயரில் ஒரு ஜாயிண்டைக் காட்டி, "இன்னாக்கா இது, தோலா?" என்று கேட்டார். கறுத்துச் சுருங்கிய தோல் துண்டு, மெழுகு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மழைநாளில் தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்து நீங்கள் சட்டையைக் கழற்றும்போது வரும் அதே வாடை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அறைக்கு ஒரு போன் வைத்திருக்கிறோம் என்பதில் உங்களுக்கு எத்தனை பெருமை! வாசலுக்கு வந்த லைனிலிருந்து சமையலறைக்கு, கூடத்துக்கு, மாடிக்கு என்று நீங்களே ஒயர் இழுத்தீர்கள். ஒட்டுப் போட்ட இடத்திலெல்லாம் டேப்புக்குப் பதில் தோல். "டேப்பு உரிஞ்சிடும், தோல் நிக்கும்" என்பீர்கள்.

என் புருஷனை விட்டுப் பிள்ளையோடு நான் வந்து சேர்ந்த வருடம், மாடி அறையில் கம்ப்யூட்டரில் பார்த்த வேலைதான் எனக்கிருந்த ஒரே பிடி. மழை வந்தால் அந்த டெலிபோன் ஒயரில் வந்த இன்டர்நெட் படுத்துவிடும். இன்னொரு முறை பாதியில் நின்றால் வேலை கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இதற்காகவே காத்திருந்தவர் போல உங்கள் தம்பி வந்தார். "இந்த பேஜார்லாம் எதுக்குண்ணா? புருஷன் வூட்டுக்கே அனுப்பிடு."

நான் மோடத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வெளியிலிருந்து லைன் நுழைகிற பெட்டியிலேயே நேராகச் செருகினேன். கொட்டுகிற மழையிலும் ஜோராக ஓடியது. அப்படியானால் கோளாறு தெருவில் இல்லை, வீட்டுக்குள், நீங்கள் இழுத்த ஒயரில். அதை உங்களிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது.

தயங்கித் தயங்கிச் சொன்னதும் நீங்கள் ஒரு ஜாயிண்டைப் பிரித்தீர்கள். தோல் ஊறிப்போய், உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. "தோல் தண்ணி குடிக்கும்னு ஊருக்கே சொல்றவன் நானு. எனக்கே தோணல பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு சித்தப்பாவின் கண்ணெதிரே ஒயரையெல்லாம் சரசரவென்று பிடுங்கிப் போட்டீர்கள். பீரோவுக்குப் பின்னால் இருந்தது மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது.

"போன்லாம் போனா போவட்டும். எம்பொண்ணு எங்கியும் போவ மாட்டா" என்றீர்கள் அவரிடம். மறுநாள் லாங் பஜாரில் நல்ல ஒயராக வாங்கி வந்து, வாசலிலிருந்து மாடி வரை நடுவில் ஒட்டே இல்லாமல் இருவருமாக இழுத்தோம். அடுத்த மழைக்கு நான் மாடியில் உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்த்தேன். அந்தச் சம்பளத்தில்தான் இன்றும் உங்கள் பேரன் படிக்கிறான்.

உங்கள் காரியம் முடிந்த கையோடு சித்தப்பா மறுபடி வந்தார், அப்பா. அதே பேச்சு. "அண்ணனும் போய்ட்டாரு. இனிமே உனக்குன்னு யாரு இருக்கா?" என்று கேட்டார். காபியைக் கொடுத்து உட்கார வைத்தேன். அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். அந்தத் திமிர் நீங்கள் கொடுத்தது.

"நான் இருக்கேன், சித்தப்பா" என்றேன்.