நொடிக்கு இரண்டரை

பிப்ரவரி 3, திங்கள்

நானே கணக்குப் போட்டு, நானே கையெழுத்தும் போட்ட முதல் அறிக்கை இன்று வெளியே போனது. இத்தனை வருடமும் கணக்கு என்னுடையது, கையெழுத்து மேலாளருடையது.

ஆறு வழிச் சாலைக்கு மேலே, மருத்துவமனை வாசலையும் பேருந்து நிறுத்தத்தையும் சேர்க்கும் நடைபாலம். நடுவில் தூண் கிடையாது. கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பிகளை ஓட்டி, இழுத்து இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். ஆள் நடந்தால் அது எப்படி அதிரும் என்று சொல்வது என் வேலை. நொடிக்கு இரண்டரை தடவைக்குக் கீழே ஆடினால் நடப்பவர்களின் காலடியோடு தாளம் சேர்ந்து ஆட்டம் கூடிவிடும். அதனால் இரண்டரைதான் எல்லைக்கோடு. சாஃப்ட்வேரில் பாலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, முதலில் கம்பிகளை இறுக்கி, அந்த இறுக்கத்தோடு ஆடவிட்டுப் பார்த்தேன். 2.56. மயிரிழைதான். ஆனாலும் கோட்டுக்கு மேலே.

அக்காவுக்குப் போன் செய்தேன். "இனிமே உன்னைக் கையில புடிக்க முடியாதே" என்றாள். முடியாதுதான்.

பிப்ரவரி 5

கையெழுத்து ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று நகலை எடுத்துப் பார்த்தேன். கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் நீளம். இருக்கட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

பாலத்தைக் கட்டச் சொன்னவர்கள் எங்கள் கணக்கைச் சரிபார்க்க ஒருவரை வைத்திருக்கிறார்கள். முன்னாள் பேராசிரியர். எதையும் தோராயமாகச் சொல்லவே மாட்டார். தேநீருக்குச் சர்க்கரை கேட்டால் கூட "முக்கால் கரண்டி, தட்டி" என்பார். நான் வைத்த பெயர் தசமப்புள்ளி. அவருடைய பதில் இன்று வந்தது. அவர் கணக்கில் 2.43. பாலம் ஆடுமாம். அடியில் எடை தொங்கவிட்டு அடக்க வேண்டுமாம். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டுமாம்.

மேலாளர் கூப்பிட்டார். "விடும்மா. திரும்ப வாங்கிட்டு, நான் கையெழுத்துப் போட்டு வேற அனுப்பிடறேன். பெரியவரோட எதுக்கு மல்லுக்கு நிக்கணும்?"

ஏன், நின்னா என்ன? தப்புன்னு யாராவது காட்டட்டும், நானே கிழிச்சுப் போடறேன். எங்க தப்புன்னு காட்டாமலே கிழின்னா? எத்தனை வருஷம் காத்திருந்து வந்த கையெழுத்து அது!

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். "அந்தச் சட்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் என் கணவர். அடுத்த சட்டியை எடுத்தேன்.

பிப்ரவரி 14

ஒருவேளை தப்பு என்னிடம்தானோ? துண்டுகளை இன்னும் பொடியாக்கிப் பார்த்தேன். கான்கிரீட்டின் எடை, தாங்கிகள், எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன். அதே 2.56. பிடிவாதத்தில் என்னையே கொண்டிருக்கிறது. ஆனால் அவருக்கு மட்டும் ஏன் குறைகிறது?

பிப்ரவரி 17, திங்கள்

பிடித்துவிட்டேன்!

அவருடைய மாடலைக் கேட்டு வாங்கினேன். திறந்தால், உள்ளே கம்பியே இல்லை. கம்பிக்குப் பதிலாகப் பாலத்தின் இரு நுனிகளிலும் வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்திருக்கிறார். பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தினால் அது தளர்ந்து வளையப் பார்க்கும் இல்லையா? அப்படி அழுத்தினால் அதிர்வு குறையத்தான் செய்யும். ஆனால் நிஜக் கம்பி கான்கிரீட்டுக்குள் ஓடுகிறது. பாலம் வளைந்தால் அதுவும் கூடவே வளையும். நுனிகளில் அழுத்தினாலும் வழி நெடுகப் பிடித்தும் கொள்கிறது. அதனால் தளர்த்தாது.

சந்தேகமே இருக்கக் கூடாது என்று அவர் மாடலிலேயே இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அதிர்வெண் இறங்கி இறங்கிக் கடைசியில் பூஜ்யம், பாலம் மடங்கிவிட்டது. தன் கம்பியாலேயே மடங்கிய பாலத்தை யார் பார்த்திருக்கிறார்கள்?

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய இடத்தைக் கண்டுபிடித்தது நான்.

பிப்ரவரி 20, வியாழன்

கூட்டம். படம் போட்டுக் காட்டினேன். தசமப்புள்ளி அசையவில்லை.

"சாஃப்ட்வேர் சொல்றது பொய்யாம்மா?"

"பொய் இல்ல சார். நீங்க வெளியே தள்ளினா என்ன ஆகும்னு கேட்டீங்க, அதுக்குச் சரியாத்தான் பதில் சொல்லுது. நம்ம பாலத்துல யாரும் வெளியே நின்னு தள்ளல."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "பாவாடை நாடா மாதிரி சார். எவ்வளவு இறுக்கினாலும் துணி போற பக்கம்தானே நாடாவும் போகும்!" வாயிலிருந்து வந்துவிட்டது. மேலாளருக்கு இருமல். எனக்குக் காது சுட்டது, ஆனால் உதாரணம் சரி. இதைவிட நல்லது இன்னும் கிடைக்கவில்லை.

முடிவு: சாரம் பிரித்ததும் பாலத்தையே அளந்து பார்ப்பது. இரண்டரைக்குக் கீழே வந்தால் என் அறிக்கை குப்பைக்கு. "நல்லா யோசிச்சுக்கோ" என்றார் மேலாளர். யோசித்தாயிற்று.

மார்ச் 5

நாளைக்குப் பாலத்தை அளக்கிறோம். கணக்கில் பயமில்லை. கான்கிரீட் ஊற்றியவர்கள் எப்படி ஊற்றினார்களோ, யார் கண்டது?

மார்ச் 6, வியாழன்

பாலத்தின் நடுவில் உணர்கருவியை ஒட்டினோம். எட்டுப் பேர் நுனிக்காலில் நின்று, ஒரே நேரத்தில் குதிகாலைத் தரையில் இறக்க வேண்டும். மேலாளரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். அவர் ஒருவரே இரண்டு பேருக்குச் சமம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்னது நான்.

திரையை முதலில் பார்த்தது தசமப்புள்ளி. நான் பார்க்கவில்லை, கீழே ஓடும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவை" என்றார். இறக்கினோம். "இன்னொரு தடவை."

பிறகு சொன்னார். "ரெண்டு புள்ளி ஆறு ஒண்ணு. மூணு தடவையும்."

நான் கத்தினேனாம். ராத்திரி போனில் என் கணவரிடம் மேலாளர் அப்படித்தான் சொன்னார். எனக்கு ஞாபகமில்லை.

பெரியவர் என் பக்கம் வந்தார். "நான் வெளியே தள்ளினது தப்பு. எழுதிக் குடுத்துடறேன்." திரையைக் காட்டினார். "ஆனா உங்க கணக்கும் புள்ளி பூஜ்யம் அஞ்சு குறையுதே. எதை விட்டீங்க?"

எனக்கு உடனே தெரிந்தது. "கைப்பிடிச் சுவர் சார். அதை வெறும் எடையாத்தான் போட்டேன். அதுவும் சேர்ந்து தாங்குது."

தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு அறிக்கையைவிடப் பெரிதாக இருந்தது. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

மார்ச் 7

மேலாளர் என்னை "மேடம்" என்றார். கிண்டல்தான். இரண்டாம் தடவையும் சொல்ல வைத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பாலம் திறந்து பத்து நாளாகிறது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதிராத பாலத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

காலையில் ஒரு கோப்பு வந்தது. ஆற்றுக்கு மேலே வரப்போகும் புதிய பாலம். கணக்குப் போட்டது பெரியவர். "இதை அந்தப் பொண்ணு பாத்துட்டுத்தான் வெளிய போகணும்" என்று அவரே மேலாளரிடம் சொல்லியிருக்கிறார்.

மாடலைத் திறந்தேன். கம்பிகள் கான்கிரீட்டுக்கு உள்ளே, பாலத்தின் வளைவோடு வளைந்து, ஒவ்வொரு துண்டோடும் சேர்ந்து ஓடின. கைப்பிடிச் சுவரையும் தாங்கும் பாகமாகவே சேர்த்திருந்தார். மாலை வரை தப்பு தேடினேன், நிஜமாகவே தேடினேன். கிடைக்கவில்லை.

அவர் பெயருக்குக் கீழே, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்தின் வால் இந்தத் தடவையும் கொஞ்சம் நீளம்.