தோற்றவர் கையிலிருந்த மாலை

ஈப்போ
அட்சய வருடம், கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பி ஜெயபாலனுக்கு,

அக்காள் மங்களம் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே நானும் நவமணியும் சுகம். உன் அத்தானும் சுகமாகத்தான் இருக்கிறார். பாகான் செராய் ஆஸ்பத்திரியில் வேளைக்குக் கஞ்சி கிடைக்கிறதா, தலைக்கட்டை அவிழ்த்துவிட்டார்களா என்று அறிய ஆவல். உன் இடது கை இன்னும் அசையவில்லை என்று உன் சிநேகிதர் ராமையா எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அரிசி களையப் போனேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சோறு மட்டும் குழைந்துவிட்டது.

ஈப்போவில் விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. நவமணிக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகி, பீடோரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து தட்டு மாற்றிக்கொண்டு போனார்கள். நல்ல மனிதர்கள். பெண்ணின் தாய்மாமன் எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றோம்.

இனி உன் அத்தான் எழுதச் சொன்னது. மார்கழியில் வழக்கு கச்சேரிக்கு வருகிறது. சங்கக் கூட்டத்தில் மாலை வாங்கக் குனிந்தபோது கால் இடறி மேடை விளிம்பில் விழுந்து அடிபட்டது, யார் மேலும் குற்றமில்லை என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினால் நடந்ததை மறந்துவிடுவாராம். நீயே தாய்மாமனாகப் பந்தலில் நிற்கலாம். இல்லாவிட்டால் நம் ஒன்றுவிட்ட தம்பி சன்னாசியை உன் இடத்தில் நிறுத்திவிடுவார். "ஒன் கையால எழுது மங்களம், நீ சொன்னா அவன் தட்ட மாட்டான்லா" என்றார். எழுதிவிட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்.

இதற்குமேல் எழுதுவது நான். அவர் எதிரே சாய்வு நாற்காலியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன இவ்வளவு நீளம் என்று கேட்டார். நலம் விசாரிக்கிறேன் என்றேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியாததா? எல்லாம் அதில்தானே ஆரம்பித்தது.

அன்று நடந்தது எதுவும் உனக்கு நினைவில்லையாம். 'அத்தான் அடித்தாரா, நானாக விழுந்தேனா, அக்காளைக் கேளுங்கள், அவள் சொன்னால் நம்புவேன்' என்றாயாம். ராமையா எழுதியிருந்தார். அந்த வரியை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். ஊர் போர்டில் நம்மவருக்கு ஓர் இடம் தருகிறோம், சங்கம் ஒரு பெயரை எழுதி அனுப்பட்டும் என்று துரைமார் சொல்லியிருந்தார்கள். நீயும் நின்றாய், உன் அத்தானும் நின்றார். கள்ளுக்கடைகளை மூட மனுக் கொடுப்பேன் என்று நீ பேசினாய். அந்தக் கடைகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் உன் அத்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டார். "கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவரு போர்டுல எதைப் படிச்சுப் பாப்பாரு?" என்று நீ கேட்டாய், அப்போதுதான் கூடமே சிரித்தது. அவர் கூட்டி வந்த ஆட்களும் சிரித்தார்கள். தம்பி, அதை நீ சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதற்கு இது கூலி இல்லை.

கை தூக்கச் சொன்னார்கள். உனக்குத்தான் அதிகம். பகை தங்கக் கூடாது என்று தோற்றவரே ஜெயித்தவருக்கு மாலை போடுவது நம் சங்கத்து வழக்கம். சந்தனத் தட்டோடு மேடையில் நின்ற நான்தான் மாலையை எடுத்து அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கல்யாணத்தில் நீ அவருக்கு மைத்துனன் மாலை போட்டாய், இன்று அவர் உனக்குப் போடுகிறார் என்று எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது. நீ கும்பிட்டுத் தலையைக் குனிந்தாய். அவர் மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கக்கத்தில் இருந்த கைத்தடியை உருவி, குனிந்த தலையில் அடித்தார். நீ விழுந்த பிறகும் ஒரு முறை அடித்தார். கால் இடறவில்லை. நீ மேடை விளிம்பின் பக்கமே போகவில்லை.

நான் கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சிந்திய சந்தனத்தை வழித்துக் கிண்ணத்தில் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது யாரைக் கேட்டாலும் பார்க்கவில்லை என்கிறார்கள். தலைவர் பழனியப்பன் அந்த நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். உனக்காகக் கை தூக்கிய தோட்டத்து ஆட்களில் ஒருவர் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "நாங்க பின்னால இருந்தோம்க்கா, ஒண்ணும் தெரியல. புள்ளகுட்டிக்காரன், விட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேலும் எதுவும் வரமாட்டேன் என்கிறது. சங்கத்திலிருந்து போர்டுக்கு அனுப்பிய பெயர் உன் அத்தானுடையது. வாழ்த்துச் சொல்ல எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் வருகிறார்கள், நான் காப்பி கலந்து கொடுக்கிறேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்வதில்லை. "கை தன்னால போயிருச்சு மங்களம்" என்று ஒரு நாள் சொன்னார். ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

நீ விழுந்தாய் என்று நான் எழுதினால் நம்புவாய். கையெழுத்துப் போடுவாய், பந்தலுக்கு வருவாய், கல்யாணம் நடக்கும். இந்த யோசனையில்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

நேற்று நவமணி கேட்டாள், அப்பா அடித்தாரா என்று. அடித்தார் என்றேன். கல்யாணச் சேலையை மடித்துக்கொண்டிருந்தவள் மடித்து முடித்துப் பெட்டியில் வைத்தாள். "மாமாவே வந்து, கீழ விழுந்துட்டேன்னு பொய் சொல்லிட்டு மாலை எடுத்துக் குடுத்தா, நான் எப்படிம்மா வாங்கிக்குவேன்?" என்றாள். பீடோருக்கு விஷயம் போனால் சம்பந்தம் நின்றுவிடும் என்று சொன்னேன். தெரியும் என்றாள்.

ஆகையால் தம்பி, கையெழுத்துப் போடாதே. உன் வக்கீலிடம் என்னைச் சாட்சியாகக் கூப்பிடச் சொல். கட்டினவருக்கு எதிராக நானாகப் போய் நிற்கத் துணிவு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவேன், கேட்டால் பார்த்ததைச் சொல்வேன். சொன்ன பிறகு இந்த வாசலுக்கு நாங்கள் திரும்ப முடியாது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அடித்தார், அவ்வளவுதான் சொல்வேன்.

உன் பக்கம் அரிசி எடுக்க வரும் நாகூர் மீரான் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறார் உன் அத்தான். பத்திரமாகச் சேர்க்கும்படி பாய்க்கு அவரே இரண்டு முறை சொல்லிவிட்டார். பதிலையும் பாயிடமே கொடு. ராமையா வீட்டில் எனக்கும் நவமணிக்கும் ஒதுங்க இடம் இருக்குமா என்று கேட்டு எழுது. இடமில்லை என்றாலும் மறைக்காமல் எழுது. அதற்காக நான் சாட்சி சொல்லாமல் இருந்துவிட மாட்டேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
மங்களம்