கழுவிய எட்டுச் சட்டிகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். அம்மாவும் நலம், முழங்கால் வலி மட்டும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவளிடம் வம்புக்கு வருகிறதாம். உன் ஜலதோஷம் விட்டதா? கேட்டால் விட்டுவிட்டது என்றுதான் சொல்வாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. உன்னை எனக்குத் தெரியாதா!

போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் உளறிக் கொட்டுவேன். அதோடு, இதை எழுதுவதற்கென்றே எங்கள் என்ஜினியர் எனக்கு அரை நாள் லீவு கொடுத்திருக்கிறார். முப்பது வருஷ சூப்பர்வைசர் வேலையில் நான் கேட்காமல் கிடைத்த முதல் லீவு இதுதான். ஏன் கொடுத்தார் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குத் தூண் குழி தோண்டுகிறோம் என்று போன வாரம் சொன்னேன் அல்லவா? திங்கட்கிழமை காலை பதினோராவது குழியில் எட்டடி இறங்கியதும் பொக்லைன் ஓட்டுபவர் மெஷினை நிறுத்திவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. ஆனால் மண்ணில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் முதலில் பார்ப்பது அவர்தான். 'அண்ணே, இங்க ஏதோ வட்டமா தெரியுது, வந்து பாருங்க' என்று கூப்பிட்டார்.

இறங்கிப் பார்த்தால் மண்சட்டிகள். எட்டு. ஒன்றில்கூட விரிசல் இல்லை. நீ பார்த்தால் எப்படிக் குதிப்பாய் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் அப்பாவுக்குப் புத்தி வேலை செய்யவில்லை. எட்டையும் நானே மேலே எடுத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய், உள்ளே கறுப்பாகப் பிடித்திருந்ததையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சிறியதிலிருந்து பெரியது வரை பலகையில் வரிசையாக வைத்து, கடை போட்டதுபோல் அடுக்கி, உனக்கு அனுப்புவதற்குப் படம்கூட எடுத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தேன். அதற்குப் பின்னால், வேலை தொடங்கியபோது உங்கள் தொல்லியல் அலுவலகம் கொடுத்த நோட்டீஸ். பழைய பொருள் ஏதாவது கிடைத்தால் வேலையை நிறுத்த வேண்டும், எடுக்கக் கூடாது, கழுவக் கூடாது, இருந்த இடத்திலேயே விட்டுத் தகவல் தர வேண்டும். நானே பசை தடவி ஒட்டிய நோட்டீஸ். ஆறு மாதமாக அதன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கறுப்பை வைத்துத்தான் அந்தக் காலத்து மக்கள் என்ன சமைத்தார்கள் என்று கண்டுபிடிப்போம் என நீ ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாயே. நான் பாதிக் கவனத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை நூறு வருஷம் பத்திரமாக இருந்ததோ, கால் மணி நேரத்தில் சாக்கடையில் விட்டுவிட்டேன். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னித்துக்கொள், கண்ணு.

குழியின் பக்கச் சுவரில் இன்னும் நான்கு சட்டிகளின் விளிம்பு தெரிகிறது. அவற்றை யாரும் தொடவில்லை, தொட விடவும் மாட்டேன். மேலே தார்ப்பாய் போட்டு, மழைத் தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் மண்மூட்டை அடுக்கியிருக்கிறேன். நானும் தூங்குமூஞ்சியும் உட்கார்ந்து, எடுத்த எட்டில் எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தோம். மூன்றுக்குத்தான் இடம் நிச்சயமாகத் தெரிகிறது. மற்ற ஐந்துக்கும் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். குத்துமதிப்பாக எதையும் எழுதவில்லை.

இப்போது லீவு விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை அந்தக் குழிக்குக் கான்கிரீட் போட வேண்டும். இந்த வட்டாரக் கோப்பு உன் மேசைக்குத்தான் வரும் என்று என்ஜினியர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். 'உங்க பொண்ணுதானே சார், ஒரு வார்த்தை எழுதுங்க. பழைய உடைஞ்ச ஓடுதான், முக்கியமா ஒண்ணும் இல்லைன்னு அவங்க போட்டுட்டா எல்லாருக்கும் நல்லது' என்றார். கழுவியது வெளியே வந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது. மனுஷர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனாலும் கட்டட வேலை பார்ப்பவனுக்கே பூசி மெழுகச் சொல்லித் தருகிறார் பார்!

சரி சார், எழுதுகிறேன் என்று லீவை வாங்கிக்கொண்டேன். எழுதியும்விட்டேன். உன் மேலதிகாரிக்குத் தனியாக ஓர் அறிக்கை. எடுத்ததும் கழுவியதும் நான்தான் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். வரைந்த தாளும் படமும் அதோடு இருக்கின்றன. இரண்டு உறையும் ஒரே கூரியரில் வருகின்றன. நாளை மத்தியானத்துக்குள் கிடைத்துவிடும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் முதலில் என்னை ஒரு பிடி பிடிப்பாள், அடுத்த நிமிஷமே உனக்குப் போன் போட்டு, அப்பாவை எப்படியாவது காப்பாற்று என்று அழுவாள். நீயும் கரைந்துவிடுவாய். சின்னப் பெண்ணாக இருந்தபோது, நான் உடைத்த கண்ணாடி டம்ளரை நீ உடைத்ததாகச் சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்கியவள்தானே நீ. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்றைக்கு அப்படி இருக்க முடியவில்லை.

உன் வேலையில் நீ நேர்மையானவள் என்று நாலு பேர் சொல்லிக் கேட்கும்போது எனக்குத் தலைகால் புரியாது. உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். என் அறிக்கையில் ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நூறு வருஷம் நன்றாக இரு. திங்கட்கிழமைக்குள் அந்த நான்கு சட்டிகளைக் காப்பாற்ற வா, கண்ணு. அப்பாவைக் காப்பாற்ற வராதே.

என்றும் உன் மேல் உயிராக இருக்கும்,
அப்பா