மூன்று மணி என்று எழுதினேன்

கார்த்திகை 14, வியாழன்

பொதுக்குழாய் எங்கே வரவேண்டும் என்று ஊரே கூட்டத்தில் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்றார் தண்ணீர்த் திட்ட ஆபீசர். தரையில் விரித்த வரைபடத்தில், குழாய் வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். கூட்டத்துக்கு எங்கள் தெருவும் வரணும், சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள் இருக்கும் சிலோன் காலனியும் வரணும். பி.ஏ. படித்தவள் என்று நேரம் குறிப்பதை என்னிடம் விட்டார்.

மூன்று மணி என்று எழுதினேன். காலனிப் பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டு எஸ்டேட்டை விட்டு இறங்க ஐந்தாகும். அது தெரிந்துதான் எழுதினேன். கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓட முடியவில்லை; குழாய் எங்கள் தெருவிலேயே வரட்டும் என்றுதான்.

அவர்கள் கூடையோடு ஓடிவந்தபோது கொட்டையெல்லாம் எங்கள் தெருமேல் கிடந்தது.

"ஏனுங்க, கடிகாரத்தைக் கப்பல்லயே விட்டுட்டீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம்மாக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

காலனிக் கையெழுத்தும் வேண்டுமாம். முடிவு எழுதிய நோட்டை நீட்டினேன். முன்னால் நின்ற செல்லம்மா கேட்டாள்: "நேரம் வச்சது யாருங்கம்மா?"

"ஆபீசருங்க" என்றேன்.

"அதானே. படிச்ச பொம்பள நீங்க வச்சிருந்தா எங்களை நெனச்சிருப்பீங்க" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அழகான எழுத்து.

காலையில் நோட்டு ஊட்டிக்குப் போகிறது. எட்டு மணி பஸ்ஸுக்குள் ஆபீசரைப் பார்த்தால் கூட்டத்தைத் திரும்பக் கூட்டச் சொல்லலாம். ஏன் என்று கேட்பாரே. ராஜம்மாக்காவும் கேட்பாள். வீட்டில் இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.