திருடனுக்குக் கொடுத்த மரியாதை

அன்புள்ள பேச்சித்தாய்க்கு,

நீயும் மகள் தீபாவும் சுகந்தானே? உன் முழங்கால் வலி எப்படி? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் காவல் பார்க்கும் சென்னைக் குடோனில் ஒரு திருட்டு. போலீஸிடம் நம்மூர்ப் பேச்சில், "அவிய சுவரேறி ஓடுனாவ சார்" என்றேன். கூட்டமென்று நினைத்து அவர்கள் தேடியதில் ஒருவன்தான் சிக்கினான்.

"மத்தவங்க எங்கய்யா?"

"அவிய ஒருத்தர்தான் சார். மரியாதைக்குச் சொன்னேன்."

"திருடனுக்கு என்னய்யா மரியாதை? உன் மச்சானா?"

என் வாய் என்றைக்கு என்னைக் காப்பாற்றியது! நான்தான் மற்றவர்களை ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று அவர்களுக்குச் சந்தேகம். ஸ்டேஷனில் உட்கார வைத்து, போனையும் வாங்கிக்கொண்டார்கள்; அதனால்தான் கடிதம். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. யாராவது வந்தால் கடம்பூர் போளி கொடுத்தனுப்பு.

ஏட்டையா கூப்பிடுகிறார். நம் கோவில்பட்டி வீட்டுக்கும் விசாரிக்க வருவார்களாம். வந்தால் என்னை 'அவன்' என்றே சொல். 'அவிய' என்றால், உனக்கு எத்தனை புருஷன் என்று கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரே ஒரு லிங்கராஜ்